ஒன்றரை அடியில் நிற்கும் பாட்டு

கிரேக்க நாட்டுப்பாடல்களில் ஒரு பத்துப் பன்னிரண்டையாவது தமிழுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. எனக்குக் கிரேக்கம் தெரியும் என்று சொல்லிக்கொள்ள முடியாது. எழுத்துக்கூட்டிப் படித்து, அகராதியைப் புரட்டிப் பொருள் தேடிக்கொள்ளும் அளவுக்குத்தான் பழக்கம். புதுச்சேரியில் பிரெஞ்சு கற்று, அதிலிருந்து மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்குப் பிரெஞ்சில் எழுதப்பட்ட நூல்கள்தான் அந்த மொழிக்கு வழி காட்டின. அப்படி முதலில் கைக்குக் கிடைத்தது பிரெஞ்சு அறிஞர் குளோட் ஃபோரியேலின் தொகுப்பு.

ஃபோரியேல் 1824இலும் 1825இலும் பாரிஸில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட அந்த நூல்தான் நவீன கிரேக்கத்தின் நாட்டுப்பாடல்களை ஐரோப்பா முழுவதும் கொண்டு சேர்த்தது. கிரேக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. அந்தப் போரில் கிரேக்கர் பக்கம் சேர்ந்த ஆங்கிலக் கவிஞர் பைரன் மிசொலோங்கி என்னும் ஊரில் இறந்ததும் 1824இல்தான். நூல் வந்த மறு ஆண்டே அது ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் வெளிவந்துவிட்டது; ஜெர்மனில் மொழிபெயர்த்தவர், ஷூபர்ட் இசையமைத்த பாடல்களால் இன்றும் அறியப்படும் கவிஞர் வில்ஹெல்ம் முல்லர். இத்தனை பெரிய காரியத்தைச் செய்த ஃபோரியேல் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கிரேக்க மண்ணில் கால் வைத்ததில்லை. பாரிஸில் இருந்த கிரேக்க அறிஞர்கள் எழுதித் தந்தவற்றையும், பின்னர் வெனிஸிலும் திரியெஸ்தேயிலும் அடைக்கலம் புகுந்திருந்த கிரேக்கர்களிடம் கேட்டு எழுதியவற்றையும் கொண்டே அவர் அதைத் தொகுத்தார். சொற்கள் உள்ளன, பிரெஞ்சு உரைநடையில் அவற்றின் பொருள் உள்ளது, நீண்ட ஆய்வு முன்னுரை உள்ளது. மெட்டு இல்லை.

அந்த நூலை வைத்துக்கொண்டு நான் ஏழெட்டுப் பாடல்களைத் தமிழாக்கினேன். ஒவ்வோர் அடியும் தனித்தனி வாக்கியமாக, எதுகை மோனையுடன், வாசிக்க இதமாக அமைந்திருந்தது. பின்னர் ஒரு நாள் அவற்றுள் ஒன்றை ஒத்த மலைப்பாட்டு ஒன்றின் பழைய ஒலிப்பதிவைக் கேட்டேன். முதியவர் ஒருவர் தாளம் இல்லாமல், அவசரம் இல்லாமல் பாடுகிறார். நான் கையில் எழுத்தை வைத்துக்கொண்டு அடியை விரலால் தொடர்ந்தேன். இரண்டாவது சொல்லிலேயே தொலைந்துபோனேன். சொல்லின் நடுவே நிறுத்துகிறார். ஏதோ ஒரு விளியைச் சொல்கிறார். அதே சொல்லை மீண்டும் முதலிலிருந்து எடுக்கிறார். அடி முடியும் இடத்தில் நிற்காமல் மேலே போகிறார். அடுத்த அடியின் பாதியில் மெட்டை முடித்துவிடுகிறார். நான் மொழிபெயர்த்திருந்த பாடலுக்கும் அவர் பாடிய பாடலுக்கும் சொற்கள் மட்டும்தான் பொதுவாக இருந்தன.

இந்த முடிச்சை அவிழ்த்துத் தந்தவர் சாமுவேல் போ-போவி. 1906ஆம் ஆண்டு ஜெனீவாவில் பிறந்து, 1986ஆம் ஆண்டு அதே ஊரில் இறந்த சுவிட்சர்லாந்துக்காரர். இசைநடத்துனர், இசையாசிரியர், மொழிபெயர்ப்பாளர், நவீன கிரேக்க மொழியின் பேராசிரியர். தம் இருபதுகளில் தொடங்கி இறக்கும் வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக, கிரேக்கப் பாட்டு எப்படிப் பாடப்படுகிறது என்ற ஒரே கேள்வியைச் சுமந்து அலைந்த மனிதர். தமிழில் அவரைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் குறையை என்னால் இயன்ற அளவு தீர்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கிரேக்கத்தின் மீதான பற்று அவருடைய வீட்டிலேயே இருந்தது. தந்தை தானியேல் போ-போவி கலை குறித்து எழுதியவர். ஜெனீவாவின் புகழ்பெற்ற ஒளிப்படக்காரர் ஃப்ரெட் புவாசொனாவுடன் சேர்ந்து கிரேக்கத்தின் மலைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் நடந்து திரிந்தவர். 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள், ஒலிம்பஸ் மலையின் மிக உயரமான சிகரமான மித்திகாஸின் மேல் முதன்முதலாக ஏறி நின்றவர்கள் மூவர்: இந்தத் தந்தை, புவாசொனா, அவர்களுக்கு வழிகாட்டிய அந்த மலையடிவாரத்து வேட்டைக்காரர் கிறிஸ்டோஸ் காகலோஸ். 2,900 மீட்டருக்கும் அதிகமான உயரம். தேவர்களின் இருப்பிடம் என்று ஹோமர் பாடிய மலையின் உச்சியை ஓர் ஊர்க்காரரின் கால்தடத்தைப் பின்பற்றித்தான் அந்த இரண்டு ஜெனீவாக்காரர்களும் அடைந்தார்கள். அப்போது மகன் சாமுவேலுக்கு ஆறு வயது. ஊர்க்காரர் முன்னே போக, பின்னே நடப்பது என்பதைத்தான் அவரும் பின்னாளில் பாட்டின் விஷயத்தில் கடைப்பிடித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருக்கு அப்படி முன்னே நடந்தவர் மெல்போ மெர்லியே. இசை கற்ற கிரேக்கப் பெண்மணி. ஏதென்ஸில் இருந்த பிரெஞ்சு நிறுவனத்தை நடத்திய ஒக்தாவ் மெர்லியேயின் மனைவி. கிரேக்கப் படை துருக்கியரிடம் தோற்ற 1922இன் பேரழிவுக்குப் பிறகு, இரு நாடுகளுக்கும் இடையே 1923இல் ஏற்பட்ட மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தையொட்டி, இன்றைய துருக்கியில் உள்ள சின்ன ஆசியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர்கள் அகதிகளாகக் கிரேக்கத்துக்குள் வந்திருந்தார்கள். அவர்களோடு வந்த பாடல்கள், பாடியவர்களின் தலைமுறையோடு போய்விடும் என்பதை மெல்போ உணர்ந்திருந்தார். 1930ஆம் ஆண்டு அவர் இசை நாட்டாரியல் ஆவணக்காப்பகத்தை நிறுவி, அகதிகளையும் நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த பாடகர்களையும் ஏதென்ஸுக்கு வரவழைத்து, நூற்றுக்கணக்கான பாடல்களை இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். பாரிஸிலிருந்து அந்தப் பணிக்குத் துணை நின்றவர் மொழியியலாளர் உபேர் பெர்னோ. அவர் அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே கியோஸ் தீவில் மெழுகு உருளைகளில் பாடல்களைப் பதிந்து, 1903இல் நூலாக வெளியிட்டவர். பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவெல் இசைத்துணை எழுதிய கிரேக்கப் பாடல்களில் கியோஸ் தீவிலிருந்து வந்தவையும் உண்டு என்பதை இங்கே சொல்லிவைக்கலாம். கச்சேரி மேடைகளில் அவற்றைக் கேட்பவர்கள் எத்தனை பேருக்கு அந்தத் தீவு நினைவுக்கு வருமோ.

போ-போவி 1930களின் தொடக்கத்தில் தொதெகனீஸ் தீவுகளுக்குப் போனார். ஏஜியன் கடலின் தென்கிழக்கில், சின்ன ஆசியக் கரையை ஒட்டிக் கிடக்கும் தீவுக்கூட்டம் அது. ரோட்ஸ், கோஸ், கலிம்னோஸ், கார்பாத்தோஸ், பாத்மோஸ் எல்லாம் அதில் அடங்கும். 1912இல் உதுமானியரிடமிருந்து இத்தாலியர் கைப்பற்றிய இந்தத் தீவுகள் 1947ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் மூலம்தான் கிரேக்கத்துக்குக் கிடைத்தன. ஆகவே அவர் பாட்டுத் தேடிப் போன தீவுகளில் மக்கள் கிரேக்கம் பேசினார்கள், ஆட்சி இத்தாலியருடையது.

அவர் எதைக் கேட்டிருப்பார் என்பதை நாம் ஓரளவு கற்பனை செய்துகொள்ள முடியும். ஏனென்றால் கார்பாத்தோஸ் தீவின் வடக்கே மலைமுகட்டில் இருக்கும் ஒலிம்போஸ் என்னும் ஊரில் அந்த மரபு இன்றும் உயிரோடு இருக்கிறது. நீண்ட மேசையைச் சுற்றி ஆண்கள் அமர்ந்திருப்பார்கள். லீரா என்பது பேரிக்காய் வடிவில், மூன்று தந்திகளுடன், முழங்காலின் மேல் நிமிர்த்தி வைத்து வில்லால் வாசிக்கப்படும் சிறு கருவி. நாம் வயலினில் செய்வதுபோலத் தந்தியின் மேல் விரலை அழுத்துவதில்லை. தந்தியின் பக்கவாட்டில் நகத்தை வைத்துத்தான் சுரம் பிடிப்பார்கள். வில்லில் சிறு மணிகளைக் கோத்துக் கட்டியிருப்பார்கள். வில் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் மணிகள் குலுங்கித் தாளம் சொல்லும். பக்கத்தில் நீண்ட கழுத்துடைய லாவுத்தோ என்னும் தந்திக் கருவி. சில வேளை, ஆட்டுத்தோல் பையில் காற்றடைத்து ஊதும் ட்சம்பூனாவும் சேர்ந்துகொள்ளும். நம் ஊர்த் துத்தியை அறிந்தவர்கள் அதன் பையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார்கள், ஆனால் துத்தி சுருதி மட்டும் பிடிக்கும், ட்சம்பூனா பாட்டையே வாசிக்கும்.

வாத்தியம் நிற்பதே இல்லை. ஒருவர் ஓர் ஈரடியைப் பாடுகிறார். சுற்றியிருப்பவர்கள் அதைத் திரும்பப் பாடுகிறார்கள். எதிரே அமர்ந்திருப்பவர் அதற்கு விடையாக இன்னோர் ஈரடியை அந்த இடத்திலேயே கட்டிப் பாடுகிறார். கடல் கடந்து போன மகனைப் பற்றி, இந்த மேசையில் போன ஆண்டு அமர்ந்திருந்து இப்போது இல்லாத ஒருவரைப் பற்றி, மணப்பெண்ணைப் பற்றி, வீட்டுக்காரரின் உபசரிப்பைப் பற்றி. கண்ணீர் வந்தால் யாரும் மறைப்பதில்லை; கண்ணீர் வராவிட்டால்தான் கூட்டம் சரியாக அமையவில்லை என்று நினைப்பார்கள். இந்த ஈரடிக்கு மந்தினாதா என்று பெயர். நம் யாப்பில் அதற்கு மிக நெருக்கமான பெயர் கண்ணிதான். நான் என் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறேன்.

மந்தினாதாவின் ஒவ்வோர் அடியிலும் 15 அசைகள் உண்டு. (அசை என்று நான் இங்கே சொல்வது நேர், நிரை என்னும் நம் கணக்கு அல்ல, ஓர் உயிரொலிக்கு ஓர் அசை என்ற எளிய கணக்கு.) எட்டு அசைக்குப் பிறகு ஒரு நிறுத்தம், பிறகு ஏழு அசை. பைசாந்தியக் காலத்திலிருந்து கிரேக்கப் பொதுமக்களின் பாட்டு முழுவதும் பெரும்பாலும் இந்த அளவிலேயே ஓடுகிறது. ஒன்பது மகன்களும் ஒரே மகளும் உடைய தாயைப் பற்றிய பழைய கதைப்பாடல் ஒன்று கிரேக்கர் எல்லோருக்கும் தெரியும். அதன் முதல் அடியை எடுத்து விரல் விட்டு எண்ணினால் இது விளங்கும். "மா-னா-மே-துஸ்-எ-ன்யா-ஸு-யுஸ்" என்பது எட்டு. "கே-மே-தீ-ம்யா-ஸு-கோ-ரீ" என்பது ஏழு. முதல் பகுதியில் மகன்கள் முடிகிறார்கள், இரண்டாம் பகுதியில் மகள் வருகிறாள். பொருளும் அளவும் ஒன்றாகவே நடக்கின்றன. காகிதத்தில் பார்த்தால் இதைவிட ஒழுங்கான அடி உலகில் இருக்க முடியாது.

தீவுகளில் கேட்டு எழுதிய பாடல்களைப் போ-போவி இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார்: முதலாவது 1935இல், இரண்டாவது 1938இல். பாடலின் கிரேக்கச் சொற்கள், மேற்கத்திய முறையில் ஐந்து கோட்டில் எழுதிய மெட்டு, பிரெஞ்சு மொழிபெயர்ப்பு என மூன்றும் சேர்ந்து வரும் நூல் அது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையில்தான் தீவுகளின் பள்ளிகளில் கிரேக்கம் ஒடுக்கப்பட்டு இத்தாலியம் திணிக்கப்பட்டது. பிள்ளைகள் வகுப்பில் பேச முடியாத மொழியின் பாடல்கள், அவற்றைப் பாடிய ஊரின் பெயரோடு அச்சில் ஏறிக்கொண்டிருந்தன. மொழியின் பெயரால் போராடிய ஊரில் பிறந்தவர்களுக்கு இந்த ஆண்டுகளின் பொருத்தம் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அவருடைய நூல்களில் என்னை மாற்றியது இவற்றுக்கு இருபது ஆண்டுகள் பிந்தியது. 1958ஆம் ஆண்டு ஏதென்ஸில் வெளிவந்த, கிளெஃப்திகப் பாடல்களைப் பற்றிய ஆய்வு அது. கிளெஃப்துகள் என்போர் உதுமானியர் ஆட்சியில் மலைகளுக்குள் புகுந்து, யாருக்கும் அடங்காமல் வாழ்ந்த ஆயுதம் தாங்கிய கூட்டத்தார். சொல்லுக்குப் பொருள் கள்வர் என்பதுதான். மக்களோ அவர்களை வீரர்களாகவே பாடினார்கள். ஃபோரியேலின் நூலில் ஐரோப்பா மயங்கியதும் இவர்களுடைய பாடல்களில்தான். போ-போவி செய்தது எளிமையானது போலத் தோன்றும்: மெல்போ மெர்லியேயின் காப்பகத்திலிருந்த இசைத்தட்டுகளிலிருந்து நடுக் கிரேக்கத்தின் ரூமெலிப் பகுதியைச் சேர்ந்த 17 கிளெஃப்திகப் பாடல்களை எடுத்து, ஒவ்வொரு மூச்சையும் ஒவ்வொரு இழைப்பையும் விடாமல் எழுதினார். அப்படி எழுதியபோது, அச்சிட்ட பாடலில் ஒருபோதும் தெரியாத ஓர் அமைப்பு வெளிப்பட்டது.

மெட்டின் ஒரு சுற்றுக்குள் ஓர் அடி அடங்குவதில்லை, இரண்டு அடியும் அடங்குவதில்லை. ஒன்றரை அடி அடங்குகிறது. பாடகர் முதல் அடி முழுவதையும் பாடி, இரண்டாம் அடியின் எட்டு அசைகளைப் பாடியதும் மெட்டு முடிந்துவிடுகிறது. அடுத்த சுற்றில் அதே இரண்டாம் அடியை முதலிலிருந்து எடுத்து முழுவதும் பாடி, மூன்றாம் அடியின் பாதியில் நிறுத்துகிறார். இப்படியே கடைசிவரை.

இதை வெறுமே விவரித்தால் விளங்காது. அந்தப் பாடல்களின் போக்கில் நானே இரண்டு அடிகளைத் தமிழில் கட்டிப் பார்த்தேன்:

மலையிறங்கி வந்த கழுகே, என் தோழனைக் கண்டாயோ?
சுனையருகே உறங்குகின்றான், எழுப்பாமல் வந்தேனே.

அச்சில் இது கேள்வியும் விடையும். ஓர் அடிக்கு ஒன்று. இனி மெட்டுக்குள் வைத்துப் பார்ப்போம். "மலையிற… மொரே… மலையிறங்கி வந்த கழுகே, என் தோழனைக் கண்டாயோ? சுனையருகே உறங்குகின்றான்…" இங்கே சுற்று முடிகிறது. மேசையைச் சுற்றியிருப்பவர்கள் அமைதியாக இருக்கிறார்கள். கேட்பவருக்கு இப்போது தெரிந்தது இவ்வளவுதான்: தோழன் சுனையருகே உறங்குகிறான். களைத்து உறங்குகிறானா, இறந்து கிடக்கிறானா? மெட்டு மீண்டும் தொடக்கத்துக்குப் போய், "சுனையரு… மொரே… சுனையருகே உறங்குகின்றான்" என்று அதே செய்தியை இரண்டாம் முறை, இம்முறை மெட்டின் உயர்ந்த இடத்தில் வைத்துச் சொல்லி, பிறகுதான் "எழுப்பாமல் வந்தேனே" என்கிறது. ஒரே அரையடியை இரண்டு முறை கேட்கிறோம். முதல் முறை அது முடிவு, இரண்டாம் முறை அதுவே தொடக்கம். உறக்கம் என்ற சொல் முதல் முறை உறக்கமாகவும் இரண்டாம் முறை சாவாகவும் கேட்கிறது. இதைச் செய்தது சொல் அல்ல, மெட்டு.

நடுவில் வரும் "மொரே" பொருளுள்ள சொல்லாகப் பாட்டின் கணக்கில் சேராது, அது விளி. "அமான்", "ஆய்டே" போன்றவையும் அப்படியே. நம் நாட்டுப்பாடல்களில் "ஏலேலோ"வையும் "தன்னானே"யையும் ஏட்டில் எழுதும்போது விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கிரேக்கத் தொகுப்பாளர்களும் பல காலம் அப்படித்தான் செய்தார்கள். பாடுபவரைப் பாடச் சொல்லாமல் "சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்று கேட்டால், அவரே அவற்றை விட்டுவிட்டு ஒழுங்கான 15 அசை அடியாகச் சொல்லிவிடுவார். நூலாக வந்ததெல்லாம் பெரும்பாலும் அப்படிச் சொல்லப்பட்டவை, பாடப்பட்டவை அல்ல. மொழிபெயர்ப்பாளர்கள் நூலைப் பார்த்து மொழிபெயர்த்தோம். பாட்டின் நெஞ்சு எந்த இடத்தில் அடைத்துக்கொள்கிறதோ, அந்த இடத்தை நாங்கள் யாரும் பார்க்கவே இல்லை.

ஃபோரியேலைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. அவர் இல்லாவிட்டால் ஐரோப்பாவுக்கு இந்தப் பாடல்கள் அவ்வளவு விரைவில் போய்ச் சேர்ந்திருக்காது. ஒரு மக்கள் கூட்டத்தின் விடுதலைக்கு அந்த நூல் தேடித் தந்த அனுதாபத்தை எளிதாக எடை போட முடியாது. ஆனால் போ-போவிக்கும் அவருக்கும் இடையே உள்ள தொலைவு வெறும் நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் அல்ல. ஒருவர் பாட்டை எழுத்தாகப் பெற்றார். மற்றவர் பாடுபவரின் வாயிலிருந்து பெற்று, அதன் பிறகும் தாம் சரியாகக் கேட்டோமா என்று ஐயுற்று, தட்டுகளை மீண்டும் மீண்டும் சுழலவிட்டுக் கேட்டார். மொழிபெயர்ப்பாளருக்கு இந்த ஐயம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை அவரிடம்தான் நான் கற்றேன்.

ஜெனீவாவில் அவருக்கு வேறு வாழ்க்கையும் இருந்தது. இசைக்கல்லூரியில் இசைநடத்துதலைக் கற்பித்தார், 1957 முதல் 1970 வரை அக்கல்லூரியின் இயக்குநராக இருந்தார், பல்கலைக்கழகத்தில் நவீன கிரேக்கம் கற்பித்தார், தம் ஊர்க்காரரான ரூசோவின் இசைப்பணியை ஆராய்ந்தார். 1946இல், நவீன கிரேக்கக் கவிஞர்களின் மொழிபெயர்ப்புத் தொகுப்பு ஒன்றை லோசானில் வெளியிட்டார். ஆக்கிரமிப்பும் பஞ்சமும் கண்ட கிரேக்கம் உள்நாட்டுப் போருக்குள் இறங்கிய ஆண்டு அது. ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களில் கிரேக்கம் என்றால் பிளேட்டோவும் சோஃபக்ளீஸும்தான்; இன்றைக்கு அந்த மொழி பேசுகிற மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் கவிதை உண்டு என்பதே பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. பழமையின் பெருமை நிகழ்காலத்தை மறைத்துவிடும் துன்பத்தைப் பழைய மொழிக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். போ-போவி வாழ்கிற கிரேக்கத்தின் பக்கம் நின்றார் என்பதே அவர் மீது எனக்குள்ள மதிப்பின் பெரும்பகுதி.

1953இலும் 1954இலும் அவர் கிரீட் தீவுக்குப் போனார். உடன் சென்றவர்கள் மெர்லியே காப்பகத்தைச் சேர்ந்த இரண்டு பெண்கள்: அக்லையா அயுதாந்தி, தெஸ்பினா மசராக்கி. மசராக்கி பின்னர் கிரேக்க நாட்டுப்புறக் கிளாரினெட் பற்றி அடிப்படையான நூல் ஒன்றை எழுதியவர். தீவின் மேற்கே வெண்மலைகளின் அடிவாரத்து ஊர்களில் ரிசீத்திகா என்னும் பாடல்கள் உண்டு. ரிசா என்றால் வேர், மலையின் அடிவாரம். அந்த அடிவாரத்துப் பாடல்கள் என்பது பொருள். இவற்றுக்கு வாத்தியம் கிடையாது. ஆண்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, ஓர் அணி பாடியதை மற்ற அணி திரும்பப் பாடுவார்கள். மேசையைச் சுற்றி அமர்ந்து பாடுபவை ஒரு வகை. மணப்பெண்ணை அழைத்துவரப் போகும்போது வழியில் பாடுபவை இன்னொரு வகை. பாடல் மிகச் சில அடிகளே இருக்கும். ஆனால் அசைகளை நீட்டி, மடக்கி, திரும்பச் சொல்லிப் பாடும்போது ஓர் அடியே நெடுநேரம் நிற்கும். ஒலிப்பதிவில் கேட்டால், ஓர் அணியின் கடைசி ஒலி அடங்குவதற்குள் மற்ற அணி அதை வாங்கிக்கொள்வது தெரியும். கனத்த பொருளைக் கைமாற்றுவது போன்ற கவனத்துடன் வாங்கிக்கொள்கிறார்கள். மேற்குக் கிரீட்டின் பாடல்களைப் பற்றிய அவருடைய நூல் 1972இல்தான் வெளிவந்தது. கேட்டதற்கும் வெளியிட்டதற்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள்.

ஐந்து கோட்டு இசைக்குறிப்பில் இந்தப் பாடல்களை எழுதலாமா என்பது கிரேக்கத்திலேயே பெரிய விவாதமாக இருந்தது. சிமோன் காராஸ் போன்ற அறிஞர்கள், தேவாலயப் பாட்டுக்குரிய பைசாந்தியக் குறியீட்டில்தான் நாட்டுப்பாடலையும் எழுத வேண்டும், மேற்கத்திய முறை இந்த இசையின் நுண்ணிய இடைவெளிகளைச் சிதைத்துவிடும் என்றார்கள். கமகத்தை ஐந்து கோட்டில் எழுதிக் காட்டச் சொன்னால் நம் இசைக்கலைஞர்களுக்கு என்ன தோன்றுமோ அதுதான் இது. காராஸின் பக்கத்தில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்; அந்த மரபுக்குள் வளர்ந்தவருக்கு அவருடைய வழியே வளமானது. ஆனால் வெளியிலிருந்து வந்தவர் தம் கையிலிருந்த கருவியைக் கொண்டு எவ்வளவு துல்லியமாகக் கேட்க முடியுமோ அவ்வளவு கேட்டார். ஒன்றரை அடியின் அமைப்பு இத்தனை தெளிவாகப் பிடிபட்டது அந்தக் கருவி வழியாகத்தான்.

1983இல், தம் எழுபத்தாறாவது வயதில், வாழ்நாள் முழுவதும் கண்டறிந்தவற்றைத் திரட்டிக் கிரேக்க நாட்டுப்பாடல் பற்றி ஒரு நூல் எழுதினார். நாஃப்பிலியோ நகரில் உள்ள பெலொபொனீஸ் நாட்டாரியல் நிறுவனம் அதை வெளியிட்டது. தலைப்பில் அவர் இட்ட சொல் "எஸ்ஸே". பிரெஞ்சில் அதற்குக் கட்டுரை என்றும் பொருள், முயற்சி என்றும் பொருள். அரை நூற்றாண்டு உழைப்பின் மேல் அந்தச் சொல்லை எழுத ஒருவருக்கு எவ்வளவு அடக்கம் வேண்டும் என்று அந்த முகப்பைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். மூன்று ஆண்டுகளில் அவர் இறந்தார். தெசலிப் பகுதியின் அரோமானியர் பாடல்களைப் பற்றிய அவருடைய நூல் 1990இல் வந்தது. கிரேக்க மண்ணில் வாழ்ந்தாலும் லத்தீன் வழிவந்த மொழியைப் பேசும் மக்கள் அவர்கள். கிரேக்கப் பாட்டைத் தேடிப் போனவர் கிரேக்கம் அல்லாத அண்டை மொழியின் பாட்டையும் அதே அக்கறையோடு எழுதிவைத்திருந்தார். கிரீட்டில் 1953இலும் 1954இலும் அவரும் அந்த இரண்டு பெண்களும் செய்த பதிவுகள் முழுமையாக அச்சில் வந்தது 2006இல்.

நான் முன்பு செய்த ஏழெட்டு மொழிபெயர்ப்புகளையும் எடுத்து வைத்துவிட்டு, இப்போது ஒரே ஒரு கிளெஃப்திகப் பாடலை மட்டும் மீண்டும் செய்துகொண்டிருக்கிறேன். அடியடியாக எழுதுவதை விட்டுவிட்டேன். சுற்றுச் சுற்றாக எழுதுகிறேன்; ஒவ்வொரு சுற்றும் ஒன்றரை அடியில் நிற்கிறது, விளிகள் அவற்றின் இடத்தில் இருக்கின்றன, திரும்ப வரும் அரையடி இரண்டு முறையும் முழுமையாக எழுதப்படுகிறது. பெரிய இடையூறு தமிழின் வாக்கிய அமைப்புதான். கிரேக்கத்தில் வினைச்சொல் முதல் எட்டு அசைக்குள் வந்துவிட்டால் அரையடி தனியாக நின்று பொருள் தரும். தமிழில் வினையைக் கடைசிக்குக் கொண்டுபோகும் என் கைப்பழக்கம் அந்த அரையடியை வெறும் பாதியாக்கிவிடுகிறது. வினைமுற்றை முன்னால் கொண்டுவந்து, எச்சங்களைக் குறைத்து, நிறுத்தம் விழும் இடத்தில் ஒரு முழு வாக்கியம் முடியுமாறு செய்ய வேண்டியிருக்கிறது. நான்கு அடிப் பாடலில் இதுவரை மூன்று சுற்றுகள் ஓரளவு அமைந்துவிட்டன. ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, அந்த முதியவர் மூச்சு வாங்கும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டு, என் வரிகளை அவற்றுக்கு எதிரே வைத்துப் படித்துப் பார்க்கிறேன்.